என்சைம் களிம்பு போட்டும் புண்ணில் மஞ்சள் படலம் போகவில்லையா?

கேள்வியின் சுருக்கம்: அப்பாவுக்கு 68 வயது, பல வருடமாகச் சர்க்கரை. வலது பாதத்தின் அடியில் 4 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் ஒரு புண். அதன் மேல் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. டாக்டர் கொலாஜினேஸ் என்ற என்சைம் (புரதத்தை வெட்டும் பொருள்) கலந்த களிம்பு எழுதிக் கொடுத்தார். தினமும் பெட்டாடின் ஊற்றிக் கழுவி, களிம்பைத் தடவி, அதற்கு மேல் தீப்புண்ணுக்குப் போடும் வெள்ளைக் களிம்பையும் பூசிக் கட்டுகிறார்கள். 10 நாளாகியும் மாற்றமில்லை. பப்பாளிப் பால் தடவினால் சீக்கிரம் கரையும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். தடவலாமா?

பப்பாளிப் பாலுக்குப் பிறகு வருகிறேன். இங்கே களிம்பின் மேல் பழி போட வேண்டியதில்லை. அதற்குக் கீழே பெட்டாடின், மேலே வெள்ளைக் களிம்பு. இரண்டும் சேர்ந்து தினமும் அதைச் செயலிழக்க வைக்கின்றன. அந்த வெள்ளைக் களிம்பு பெரும்பாலும் சில்வர் சல்ஃபாடையசின், அதாவது வெள்ளி உப்பு. வெள்ளியும், பெட்டாடினில் இருக்கும் அயோடினும் இந்த என்சைமுக்கு ஆகாதவை. காசு கொடுத்து வாங்கிய மருந்து, புண்ணைத் தொட்ட கொஞ்ச நேரத்திலேயே வெறும் வாஸ்லினாக மாறிவிடுகிறது.

ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

புண்ணில் ஒட்டியிருக்கும் அந்த மஞ்சளைப் பலரும் சீழ் என்று நினைக்கிறார்கள். சீழ் ஒழுகும், துடைத்தால் வந்துவிடும். இது துடைத்தால் வராது. செத்த செல்கள், ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் நார், வெள்ளணுக்களின் மிச்சம், கொஞ்சம் கிருமி எல்லாம் கலந்த படலம் இது. டாக்டர்கள் ஸ்லஃப் என்பார்கள். காஸ் துணியால் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் மெல்லிய இழைகள் இழுபடும். அவை கொலாஜன் நார்கள். செத்த சதையைப் புண்ணின் அடித்தளத்தோடு பிடித்து வைத்திருக்கும் கயிறுகள் அவைதான். தோலின் உலர் எடையில் முக்கால் பங்கு கொலாஜன். மூன்று இழைகள் முறுக்கிய வடம் மாதிரி இருப்பதால் சாதாரணப் புரதச் சிதைப்பான்களால் அதை வெட்ட முடியாது.

கொலாஜினேஸ் வெட்டும். அது குளோஸ்ட்ரிடியம் ஹிஸ்டோலிட்டிகம் என்ற பாக்டீரியாவிடமிருந்து எடுக்கப்படுவது. முதல் உலகப் போர்க் காயங்களில் சதை கரைந்துபோவதைக் கவனித்தபோது, 1916இல் வெய்ன்பெர்க், செகாங் இருவரும் பிரித்தெடுத்த கிருமி அது. ஆளைக் கொன்ற கிருமியின் ஆயுதத்தை மட்டும் தனியே பிரித்துச் சுத்திகரித்து மருந்தாக்கியிருக்கிறார்கள். களிம்பில் கிருமி எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம். ஒரு கிராமில் 250 யூனிட் என்சைம், வெள்ளை வாஸ்லினில் கலந்திருக்கும். அது அடியிலிருக்கும் கயிறுகளை அறுக்கிறது, மேலே இருக்கும் படலம் தளர்ந்து வருகிறது. உயிருள்ள சதையையும் புதிதாக வளரும் சிவந்த சதையையும் அது தாக்குவதில்லை. கத்தியை விட இதற்கு இருக்கும் பெரிய நன்மை இதுதான்.

இந்த என்சைம் வேலை செய்ய ஈரம் வேண்டும். புண்ணின் பி.எச். 6 முதல் 8க்குள், அதாவது புளிப்பும் காரமும் இல்லாத நடுநிலையை ஒட்டி இருக்க வேண்டும். வெள்ளி, பாதரசம் போன்ற உலோக உப்புகளும், நுரை வரும் சோப்பு வகைகளும், அயோடினும் பக்கத்தில் வரக்கூடாது. சாவ்லானில் செட்ரிமைடு இருக்கிறது, அது சோப்பு வகைதான். டெட்டாலில் சோப்பு இருக்கிறது. வினிகர் கலந்த தண்ணீர் புளிப்பு. டெட்ராசைக்ளின் களிம்பும் இதனோடு ஒத்துவராது. மஞ்சள்தூள், வேப்பிலை அரைத்தது, காபித்தூள், சாம்பல் இவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். புண்ணில் தூள் எதுவும் போகக்கூடாது.

ஆகவே கழுவ நார்மல் சலைன், அதாவது கிருமி நீக்கிய உப்புநீர் மட்டும். முன்பு பெட்டாடின் பட்ட புண் என்றால், களிம்பு போடுவதற்கு முன் சலைனால் பலமுறை அலசி அதன் மிச்சத்தை முழுவதும் போக்க வேண்டும். பழுப்பு நிறம் காஸில் வராத வரை அலசுங்கள். கிருமித் தொற்று இருப்பதால்தான் டாக்டர் பெட்டாடின் சொன்னார் என்றால், அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். "கொலாஜினேஸும் பெட்டாடினும் சேர்ந்து போகாது, எதை வைத்துக்கொள்வது?" என்று நேராகக் கேளுங்கள். ஒரு டாக்டர் எழுதிய களிம்பும், வேறொரு நர்ஸ் பழக்கத்தில் ஊற்றும் பெட்டாடினும் ஒரே புண்ணில் சந்திப்பது மிகச் சாதாரணமாக நடப்பது.

களிம்பைப் பற்றி மேலும் பேசுவதற்கு முன் ஒரு தடை. காலுக்கு ரத்தம் போகிறதா என்று யாராவது பார்த்தார்களா? சர்க்கரைக்காரர் காலில் புண் என்றால் இதுதான் முதல் கேள்வி. பாதத்தின் மேல்புறமும், உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லையென்றால் கையின் ரத்த அழுத்தத்தையும் கணுக்காலின் அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9க்குக் கீழே போனால் அடைப்பு, 0.5க்குக் கீழே போனால் நிலைமை மோசம். சர்க்கரைக்காரருக்கு ரத்தக்குழாய் சுண்ணாம்பு ஏறி விறைத்திருந்தால் எண் 1.3, 1.4க்கு மேல் வரலாம். அதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக்கூடாது. அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் பார்ப்பார்கள். அது 30க்குக் கீழே என்றால் முதலில் ரத்தநாள நிபுணர், பிறகுதான் களிம்பு. ரத்தமே வராத இடத்தில் செத்த சதையைக் கரைத்தால் அடியில் புதுச் சதை வளராது, புண்தான் ஆழமாகும்.

இதே காரணத்தால், குதிகாலில் காய்ந்து கறுத்து, ஓரம் இறுக ஒட்டி, வலியோ சிவப்போ ஈரமோ இல்லாத பொருக்கு இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அது புண்ணுக்கு மூடி. ஈரப்படுத்திக் கரைப்பது மூடியைத் திறந்து கிருமிக்கு வழிவிடுவது. ஓரம் கிளம்பினாலோ, அடியில் நீர் கோத்து மெத்தென்று அழுந்தினாலோ, நாற்றம் வந்தாலோ அன்றே டாக்டரிடம் போகவேண்டும்.

ரத்த ஓட்டம் சரி, புண்ணில் மஞ்சள் படலம் மட்டும்தான் என்றால் போடும் முறை இது.

பழைய கட்டை உரிக்காதீர்கள். சலைன் ஊற்றி 5 நிமிடம் ஊறவிட்டால் தானே வரும். உரித்தால் முந்தின நாள் முளைத்த சிவப்புப் புள்ளிகளும் சேர்ந்து வந்துவிடும். கட்டை அவிழ்த்ததும் துணியைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு முறை பாருங்கள். நேற்றைவிட நீர் அதிகமா, பச்சையா, நாற்றமா. பிறகு கையைக் கழுவி, கையுறை மாட்டி, 20 மி.லி. சிரிஞ்சில் ஊசியைக் கழற்றிவிட்டு, அறை வெப்பத்தில் இருக்கும் சலைனை எடுத்துப் புண்ணின் மேல் பீய்ச்சுங்கள். இந்த அளவுப் புண்ணுக்கு 60 முதல் 100 மி.லி. போதும். முன் தினம் போட்ட களிம்பின் எச்சமும் தளர்ந்த படலமும் போக வேண்டும். ஒட்டியிருப்பதைச் சுரண்ட வேண்டாம். ஒருமுறை திறந்த சலைன் பாட்டிலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். சுற்றியுள்ள தோலை ஒற்றி உலர்த்துங்கள், புண்ணை ஈரமாகவே விடுங்கள்.

களிம்பின் தடிமன் 2 மி.மீ. பத்து ரூபாய் நாணயத்தின் கனம் ஏறத்தாழ அவ்வளவுதான். இங்கேதான் பெரும்பாலானவர்கள் சிக்கனம் பிடிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 செ.மீ. பெருக்கல் 3 செ.மீ. என்றால் 12 சதுர செ.மீ. அதை 0.2 செ.மீ.யால் பெருக்கினால் 2.4 கன செ.மீ. வாஸ்லின் தண்ணீரைவிட லேசு என்பதால் அது சுமார் 2 கிராம். ஒரு நாளைக்கு ஒரு முறை என்றால் 15 கிராம் டியூப் ஒரு வாரம் வரும். உங்கள் டியூப் 10 நாள் கழித்தும் பாதி மிச்சமிருந்தால், ஷேவிங் கிரீம் மாதிரி தடவுவதற்குப் பதில் முகக் கிரீம் மாதிரி பூசியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். விலை அதிகம் என்பதால் மெல்லிசாகப் பூசுவது புரிகிறது. ஆனால் மெல்லிசாக 20 நாள் பூசுவதைவிடச் சரியான கனத்தில் 10 நாள் போடுவது மலிவு.

டியூபின் வாயால் புண்ணைத் தொடாதீர்கள். ஸ்டெரைல் காஸின் மேல் பிதுக்கி, மரக்குச்சியால் 2 மி.மீ.க்குப் பரப்பி, அந்தக் காஸைப் புண்ணின் மேல் படியவிடுவது எளிது. ஆழமான குழி என்றால் காஸில் தடவி உள்ளே தளர்வாக வைக்க வேண்டும், அடைத்துத் திணிக்கக்கூடாது. படலம் வறண்டிருந்தால் காஸைச் சலைனில் நனைத்துப் பிழிந்துவிட்டு மேலே வையுங்கள். அதற்கு மேல் உலர்ந்த பேட், பிளாஸ்டர். ஓரத்துத் தோலில் களிம்பு வழிந்தால் லேசான சிவப்பு வரும். ஓரத்தில் வாஸ்லின் பூசிக்கொண்டால் அதுவும் வராது, ஊறி வெளுத்துப் போவதும் குறையும். கட்டு நனைந்தோ அழுக்காகவோ ஆனால் ஒரு நாள் வரை காத்திருக்காமல் மாற்றுங்கள்.

கறுத்துத் தடித்த பொருக்காக இருந்தால் மேலே தடவுவதால் ஒன்றும் ஆகாது, என்சைம் உள்ளே இறங்காது. டாக்டர் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு, தளர்ந்ததை வெட்டி எடுத்த பிறகு களிம்பு வைப்பார்கள். இதை வீட்டில் பிளேடால் முயல்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். அந்தக் கீறல் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவர் கையில்தான் அது மருந்து.

வெட்டி எடுப்பதே வேகம் என்னும்போது களிம்பு எதற்கு என்ற கேள்வி வரும். உண்மைதான். ஆபரேஷன் தியேட்டரில் 20 நிமிடத்தில் முடிவதற்கு இதில் இரண்டு மூன்று வாரம் ஆகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், மயக்க மருந்து தாங்காதவர், படுத்த படுக்கையாய் இருப்பவர், தொட்டாலே வலி பொறுக்காதவர், ஒருமுறை வெட்டிய பிறகு மிச்சம் இருப்பவர் இவர்களுக்குத்தான் களிம்பு. சீழ்க்கட்டி, விரலில் அமுக்கினால் நொறுநொறுவென்று காற்றுச் சத்தம், சில மணி நேரத்தில் பரவும் கருநீலம் இவற்றுக்குக் களிம்பு கிடையாது. அன்றே அறுவை.

முதல் நான்கைந்து நாளில் பயமுறுத்தும் ஒன்று நடக்கும். புண் பெரிதானது போலத் தெரியும், நீர் கூடும், கரைந்த புரதத்தால் ஒரு மாதிரி வாடை வரும். மூடியிருந்த படலம் விலகியதால் உண்மையான அளவு தெரிகிறது, அவ்வளவே. படலத்தின் நிலையைக் கவனியுங்கள். தோல் மாதிரி இறுகியிருந்தது, ஊறிய அவல் மாதிரி தளர வேண்டும். பிறகு நூல் நூலாகப் பிரிந்து, இடையில் கடுகளவு சிவப்புப் புள்ளிகள் எட்டிப் பார்க்க வேண்டும். இது நல்ல போக்கு. வாரத்துக்கொரு முறை ஒரே தூரத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

கெட்ட போக்கு: புண்ணின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ.க்கு மேல் சிவப்பு பரவுவது, காய்ச்சல், குளிர் நடுக்கம், திடீரென்று சர்க்கரை ஏறுவது, கால் வீங்கிச் சூடாவது. செத்த சதை தளரும்போது கிருமி ரத்தத்துக்குள் போக வாய்ப்பு உண்டு. உடல் தளர்ந்தவர்களிடம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இரவு என்றாலும் காத்திருக்காதீர்கள்.

இன்னொரு ஏமாற்று உண்டு. பாதத்தில் தசைநார் வெளியே தெரிந்தால் அதுவும் மஞ்சள் கலந்த வெள்ளையாகத்தான் இருக்கும். படலம் என்று நினைத்து இழுத்துவிடுவார்கள். வேறுபாடு இதுதான்: தசைநார் பளபளப்பாக, ஒரே திசையில் கோடுகோடாக இருக்கும். விரலை மெல்ல மடக்கி நீட்டினால் அதுவும் கூடவே நகரும். நகர்ந்தால் கையை எடுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். கம்பி முனையில் கல் தட்டுவது போல அடியில் கடினமாக ஏதாவது தட்டுப்பட்டால் அது எலும்பாக இருக்கலாம். எலும்பில் தொற்று இருக்கும்வரை மேலே எதைப் பூசினாலும் புண் மூடாது.

இனி பப்பாளி. கறி வேகாவிட்டால் ரெண்டு துண்டு பச்சைப் பப்பாளிக்காயைச் சேர்ப்பார்கள் அல்லவா, அதே வேலைதான். பப்பாளிக்காய்ப் பாலில் பப்பைன் என்ற என்சைம் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகமே பப்பைன் எடுப்பதற்காக உருவாக்கப்பட்டது. மருந்தாகவும் பப்பைன் களிம்பு கிடைக்கிறது, பெரும்பாலும் 10 சதவீத யூரியாவோடு. யூரியா புரதத்தின் முறுக்கை அவிழ்த்துவிடும், பப்பைன் வெட்டும். கொலாஜினேஸ் அடிக்கயிற்றை அறுக்கிறது என்றால் இது மேலிருந்து கரைத்துக்கொண்டு வரும். வேகம் அதிகம், எரிச்சலும் அதிகம். சர்க்கரையால் பாதம் மரத்தவருக்கு அந்த எரிச்சல் தெரியாது, சுற்றுத் தோல் புண்ணான பிறகுதான் கண்ணில் படும்.

பப்பைனுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு எதிரி. அதன் வெட்டும் முனையில் இருக்கும் கந்தகத்தைப் பெராக்சைடு எரித்துவிடும், வெள்ளியும் ஈயமும் பாதரசமும் அதையே பிடித்துக்கொள்ளும். பெராக்சைடு நுரைக்கும்போது சுத்தமாவது போலத் தோன்றும். பப்பைன் களிம்பு போடுபவர் அந்தப் பாட்டிலைத் தள்ளி வைக்க வேண்டும்.

ஒவ்வாமை இதில் பெரிய விஷயம். ரப்பர் கையுறை, பலூன் பட்டால் தடிப்பவர்களுக்குப் பப்பைனும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அமெரிக்காவில் பப்பைன் கலந்த பூச்சு மருந்துகளால் ரத்த அழுத்தம் இறங்கி, நாடி எகிறியதாகப் புகார்கள் வந்ததால், 2008இல் அங்கே அந்த மருந்துகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

மரத்திலிருந்து கீறி எடுக்கும் பாலை நேரடியாகத் தடவலாமா? கூடாது. எவ்வளவு என்சைம் இருக்கிறது என்று தெரியாது, கிருமி நீக்கப்படாதது, ரப்பர்ப் பால் போன்ற பொருட்கள் நிறைந்தது, நல்ல தோலையும் கொப்பளிக்க வைக்கும். காம்பியா நாட்டின் பான்ஜுல் நகரில் குழந்தைகளின் தீக்காயத்துக்குப் பப்பாளிக் கூழ் போட்டதைப் பற்றி 1999இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அதைக் காட்டி வாதாடுவார்கள். அங்கே அது மருத்துவமனை வார்டில், தினமும் புதிதாக மசித்து, டாக்டர்கள் கண்காணிப்பில் போடப்பட்டது. ரத்த ஓட்டம் குறைந்த, உணர்வில்லாத பாதம் வேறு கதை.

அன்னாசித் தண்டிலிருந்து எடுக்கும் புரோமெலைன் மருந்தும் இருக்கிறது. ஐரோப்பாவில் 2012 முதல், அமெரிக்காவில் 2022 இறுதியில் அனுமதி கிடைத்தது. அது ஆழமான தீக்காயத்துக்கு, மருத்துவமனையில், வலி மருந்து கொடுத்து, 4 மணி நேரம் மூடி வைத்துத் துடைத்தெடுப்பது. பாதப் புண்ணுக்கு வீட்டில் போடும் பொருள் அல்ல.

களிம்புக்கு வெளியே இரண்டு விஷயம் இல்லாமல் உங்கள் அப்பாவின் புண் ஆறாது. ஒன்று, பாதத்தின் அடியில் இருக்கும் புண்ணின் மேல் அவர் நடக்கிறார். ஒவ்வோர் அடியும் உடல் எடையை அந்த 12 சதுர செ.மீ.யில் இறக்குகிறது. வலிக்காததால் பாத்ரூமுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டேதான் இருப்பார். எடை படாத மாதிரி மாவுக்கட்டோ, பள்ளம் வெட்டிய எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்போ கேட்டு வாங்குங்கள். வேலூரில் தொழுநோயாளிகளின் உணர்வற்ற பாதங்களோடு டாக்டர் பால் பிராண்ட் போராடிய காலத்திலிருந்தே தெரிந்த உண்மை இது: மரத்த பாதத்துக்கு முதல் மருந்து ஓய்வு. இரண்டு, சர்க்கரையும் சாப்பாடும். முட்டை, பருப்பு, மீன் குறைந்தால் புதுச் சதைக்குச் செங்கல் இல்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டியூபில் 25 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று போட்டிருக்கும். சித்திரை வெயிலில் அலமாரி 35ஐத் தாண்டும். ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் வைக்கலாம், ஃபிரீசரில் கூடாது. இறுகியிருந்தால் கட்டுப் போடுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். வெந்நீரில் போட்டு இளக்காதீர்கள், சூட்டில் என்சைம் போய்விடும்.

பெட்டாடினையும் வெள்ளிக் களிம்பையும் டாக்டரைக் கேட்டு விலக்கி, சரியான கனத்தில் இன்றிலிருந்து நாள் எண்ணத் தொடங்குங்கள். முந்தின 10 நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டு வாரத்தில் படலம் தளரவே இல்லையென்றால் ரத்த ஓட்டத்தையும் எலும்பையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாவது சுருங்கவில்லையென்றால் வைத்தியமே மாற வேண்டும்.

அடித்தளம் முழுக்க மாதுளை முத்து மாதிரி சிவந்து மணிமணியாகத் தெரிந்த அன்று கொலாஜினேஸின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு போடுவது வீண்செலவு. ஈரம் காக்கும் சாதாரண டிரஸ்ஸிங்குக்கு மாறச் சொல்வார்கள். மிச்சமிருக்கும் டியூபை அடுத்த புண்ணுக்கென்று எடுத்து வைக்காதீர்கள். திறந்த டியூப், வேறு புண், வேறு கிருமி.